பச்சைத் தண்ணி

சொன்னதைச் சொன்னபடி கேட்டு நடக்கிறவர்கள் உலகத்தில் மிகக் குறைவு. மருந்துக்கடையில் நின்று நின்று நான் தெரிந்துகொண்டது இது. "சாப்பிட்டதுக்கு அப்புறம் போடுங்க" என்று மாத்திரை அட்டையை நீட்டினால் நன்றாகத் தலையாட்டுவார்கள். கடைப் படியிலேயே ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு போவார்கள். "காய்ச்சல் விட்டாலும் முழுசா சாப்பிட்டு முடிங்க" என்பேன். அதற்கும் தலையாட்டுவார்கள். காய்ச்சல் விட்டதும் மீதியைப் பத்திரப்படுத்தி, அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பார்கள். ஏன் என்று கேட்டால், "பாவம், அவருக்கும் இதே காய்ச்சல்தானே" என்பார்கள். அதனால் யாராவது என் எதிரில் நின்று ரொம்பவும் தலையாட்டினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். சிட்டுவைக் காப்பகத்தில் சேர்த்த அன்று அங்கே இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

சிட்டு என் மகள். இரண்டரை வயது. குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவளைப் பார்த்து அவள் அப்பா வைத்த செல்லப் பெயர்தான் அது. நிஜப் பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் இருக்கிறது. ஓடுவாள், கட்டில் மேல் ஏறிக் குதிப்பாள், என் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போவாள். பேச்சு மட்டும் வரவில்லை. இன்னொன்றும் அவளுக்கு வராது. நீங்களும் நானும் யோசிக்காமல் செய்கிற காரியம்: ஒரு வாய் தண்ணீரை விழுங்குவது.

விழுங்கப் பழக்கும் டாக்டரம்மா ஒருவரிடம் அவளைக் காட்டிக்கொண்டிருந்தோம். முதல் தடவை போனபோது, சிட்டு பால் குடிப்பதை எக்ஸ்ரே படமாக ஓடவிட்டுக் காட்டினார். தொண்டையில் கறுப்பாக ஒன்று இறங்கியது. பாதி வயிற்றுப் பக்கம் போனது. பாதி வழி மாறி நெஞ்சுப் பக்கம் இழைந்தது.

"காத்துப் போற வழிக்கு ஒரு மூடி இருக்கும்மா. நமக்கு டக்குனு மூடிக்கும். இவளுக்கு மெதுவாத்தான் மூடுது. பச்சைத் தண்ணி, வெறும் பால் எல்லாம் வேகமா ஓடிடும். மூடி மூடுறதுக்குள்ள நுரையீரலுக்குப் போயிடும். கெட்டியா இருந்தா மெதுவா எறங்கும், தப்பிச்சுக்கலாம்."

"ஆனா இவ இருமவே இல்லையே டாக்டர்?"

"அதாம்மா பயமே. வழி மாறிப் போனா இருமணும். இவளுக்கு அந்த இருமல் வராது. சத்தமே இல்லாம உள்ள போயிடும். பாக்கறவங்களுக்குப் புள்ள அழகா குடிக்கிற மாதிரிதான் தெரியும். அதனால பச்சைத் தண்ணி குடுக்கவே கூடாது. யார் குடுத்தாலும் கூடாது."

அதற்கென்று ஒரு பொடி இருக்கிறது. வீட்டில் அதற்குக் கெட்டிப்பொடி என்று பெயர். தண்ணீரில் போட்டுக் கலக்கிக் கொஞ்சம் பொறுத்தால், கரண்டியில் எடுத்துச் சாய்க்கும்போது தேன் போல இறங்கும். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, சின்னக் கரண்டியால் கொடுக்கவேண்டும். கொடுத்த பிறகு அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது. அவ்வளவுதான் சிட்டுவின் சட்டம். இதைக் காப்பாற்றினால், மசித்த சோறும் வாழைப்பழமும் வாய் வழியாகவே சாப்பிட்டு வளர்ந்துவிடுவாள் என்றார் டாக்டரம்மா. கரண்டியைப் பார்த்தாலே இரண்டு கையையும் தட்டுகிற பெண் அவள். அந்தக் கைதட்டலை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

எனக்குக் கடை, அவள் அப்பாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஒருவர் வீட்டில் இருந்தால் அடுப்பு எரியாது. அதனால்தான் காப்பகம்.

இரண்டு அறைகள், ஒரு சமையல் மூலை. சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தார்கள். நடுவில் சுவிட்ச் போர்டு வந்துவிட்டதால் அதன் கழுத்து அதைச் சுற்றி வளைந்து போனது. ஆணிகளில் வரிசையாகப் பைகள். தாழ்வான பலகையில் வரிசையாகப் பிளாஸ்டிக் டம்ளர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு படம். சிட்டுவுக்கு வாத்துப் படம் போட்ட டம்ளர் கிடைத்தது. பக்கத்தில், குழந்தைகள் தாங்களே பிடித்துக் குடிக்கிற உயரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். அந்தக் குழாய் சிட்டுவுக்கும் எட்டும்.

"நாங்க எல்லாக் குழந்தைங்களையும் எங்க குழந்தை மாதிரி பாத்துக்குவோம், நீங்க கவலையே படாதீங்க" என்றார் மேடம். காப்பகத்தை நடத்துகிறவர் அவர். கலையாத புடவை, கலையாத சிரிப்பு.

உங்கள் குழந்தை மாதிரி வேண்டாம் தாயே, என் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டால் போதும் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். எனக்குத்தான் விழுங்க வருமே.

பெரிய எழுத்தில் நான் எழுதிக்கொண்டு போயிருந்தேன்: 'சிட்டுவுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. கெட்டியாக்கிய பிறகே கொடுக்கவேண்டும்.' டம்ளர் பலகைக்கு மேலே ஒட்டினேன். மறுநாள் அது அங்கே இல்லை. கேட்டதற்கு மேடம் நெளிந்தார்.

"இல்லம்மா, புதுசா சேக்க வர்றவங்க படிக்கிறாங்க. 'தண்ணி கொடுக்கக் கூடாது'ன்னு பாத்தா நம்மள என்ன நெனப்பாங்க? குழந்தைக்குத் தண்ணி கூடக் குடுக்காத எடம்னு பேர் வந்துடும். அலமாரிக் கதவுக்கு உள்பக்கமா ஒட்டியிருக்கோம். வெளிய அழகா ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன் பாருங்க."

பார்த்தேன். வாத்துப் படத்துக்குக் கீழே பூ வரைந்து, 'சிட்டு: சிறப்புக் கவனம்' என்று எழுதியிருந்தது.

அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர். சின்னவள் எப்போதும் துணி அலசிக்கொண்டோ தரை துடைத்துக்கொண்டோ இருப்பாள். பிள்ளைகள் இருந்ததெல்லாம் இன்னொருவரிடம்தான். எல்லோருக்கும் அவர் ஆயாம்மா. நாற்பதைத் தாண்டிய கனத்த உடம்பு. இடுப்பில் எந்நேரமும் ஒரு பிள்ளை. எந்தப் பிள்ளைக்கு முதுகைத் தடவினால் தூக்கம் வரும், எது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டால் அடங்கும் என்று அவருக்கு அத்துப்படி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. புது ஆளைக் கண்டால் என் புடவைக்குள் ஒளிகிற சிட்டு, முதல் நாளே கையை நீட்டிக்கொண்டு அவரிடம் போய்விட்டாள். எனக்கும் அவரை ரொம்பப் பிடித்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்கிற கதையே பொய்யாகிவிடும்.

பொடி டப்பாவை அவர் கையில் கொடுத்துச் சொன்னேன். "ஆயாம்மா, பச்சைத் தண்ணி மட்டும் குடுத்துடாதீங்க. எந்தக் காரணத்தக் கொண்டும் பச்சைத் தண்ணி கூடாது."

"ஐயோ, குடுப்பனாம்மா? இந்தப் புள்ளைக்கா? பச்சைத் தண்ணி பல்லுல படாமப் பாத்துக்கறேன், போதுமா?" என்று சிரித்தார். தலையாட்டவும் செய்தார்.

சில வாரங்களில் சிட்டுவுக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவில் சதை உள்ளே போனது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வலது பக்க நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள். வழி மாறிப் போன ஏதோ ஒன்று. என்ன குடித்தாள் என்று கேட்டார்கள். காப்பகத்திலிருந்து பொடி டப்பாவை வரவழைத்துப் பார்த்தேன். சீல் பிரித்திருந்தது. அதற்கு மேல் குறையவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே ஃபோன் போட்டேன். தொண்டைத் தண்ணி வற்றக் கத்தினேன். மறுமுனையில் ஆயாம்மா அழுகிற குரலில் பதில் சொன்னார்.

"சத்தியமா பச்சைத் தண்ணி குடுக்கலம்மா. நீங்க சொன்னதுலேருந்து தெனம் தனியா ஒரு சட்டியில கொதிக்க வெச்சு, ஆறவெச்சு, வடிகட்டித்தான் குடுத்தேன். மேடம் கேஸ் வீணாகுதுன்னு திட்டுனாங்க, அதுக்கும் நான் விடல. காய்ச்சுன தண்ணிக்கு எதுக்குப் பொடின்னுதான் அதைப் போடல."

காய்ச்சாத தண்ணீரும் பச்சைத் தண்ணிதான். எதுவும் கலக்காத வெறும் தண்ணீரும் பச்சைத் தண்ணிதான். டாக்டரம்மா ஒன்றைச் சொன்னார், நான் அதையே சொன்னேன், ஆயாம்மா மற்றதைக் கேட்டுக்கொண்டார். இவ்வளவு நாள் ஒரு பெண்மணி வேலை மெனக்கெட்டு, திட்டு வாங்கிக்கொண்டு, என் மகளின் நுரையீரலுக்குச் சுத்தமான தண்ணீர் காய்ச்சி அனுப்பியிருக்கிறார். கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை. விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் இப்படித்தானே சொல்லிட்டு இருக்கேன்" என்றார்.

சிட்டு பிழைத்து எழுந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவை தப்பிச்சா. நுரையீரல்ல ஏற்கெனவே தழும்பு இருக்கு. இன்னொரு தடவை இப்படி வந்தா, வாயால குடுக்கற பேச்சே கெடையாது. வயித்துல ஓட்டை போட்டு, குழாய் வழியாத்தான் எல்லாம். புரியுதா?"

"எவ்ளோ நாளைக்கு டாக்டர்?"

அவர் சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

கடைக்கு லீவு போட்டுவிட்டுக் காப்பகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். மேடம், ஆயாம்மா, துணி அலசும் சின்னவள் மூவரையும் என் முன்னால் உட்காரவைத்தேன். பச்சைத் தண்ணி என்ற வார்த்தையையே விட்டுவிட்டேன். "எந்தத் தண்ணியும் கூடாது. காய்ச்சினது, காய்ச்சாதது, வடிகட்டுனது, பாட்டில் தண்ணி, மழைத் தண்ணி எதுவும் கூடாது. பொடி போட்டுக் கெட்டியானது மட்டும்தான் இவளுக்குத் தண்ணி." நான் சொன்னதை மூவரையும் திருப்பிச் சொல்ல வைத்தேன். பொடியை அவர்கள் கையாலேயே கலக்க வைத்தேன். கலக்கியதை ஆளுக்கொரு டம்ளர் குடிக்கவும் வைத்தேன். மேடம் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். முகம் வேறு சொன்னது.

ஆயாம்மா முழு டம்ளரையும் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தாகம் அடங்கலையேம்மா" என்றார்.

"தாகம் அடங்கறதுக்குக் குடுக்கல ஆயாம்மா. உயிரோட இருக்கறதுக்குக் குடுக்கறோம்."

"அது சரிதாம்மா. இருந்தாலும்... இதைக் குடிச்சுட்டு மத்த புள்ளைங்க குடிக்கிறதைப் பாத்துக்கிட்டே இருக்கணுமே. பாவம்."

"பாவம்தான். அதுக்கு என்ன பண்றது?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்படித்தான் நினைத்தேன். பொடி டப்பா வேகமாகக் குறைந்தது. ஒரு டப்பா தீர்ந்து அடுத்ததை வாங்கினேன். நேரம் காலம் இல்லாமல் திடீரென்று போய் நிற்பேன். ஆயாம்மா சிட்டுவை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைத் தாழ்த்தி, சின்னக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருப்பார். டாக்டரம்மாகூட அவ்வளவு பக்குவமாக ஊட்டமாட்டார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. "நீ வேற, சும்மா போய்ப் போய் நின்னு அவங்களை வேவு பாத்துட்டு இருக்க. அவங்களும் மனுஷங்கதானே?" என்றார் வீட்டுக்காரர். போவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சிட்டு வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அண்ணாந்து குழாயைப் பார்த்தாள். விரலை நீட்டினாள்.

"பாவம்" என்றாள்.

கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டேன். சோப்புக் கையோடு அவளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். "இங்க வாங்க! பேசிட்டா! பேசிட்டா!" அவள் அப்பா முகச்சவர நுரையோடு ஓடிவந்தார். "இன்னொரு தடவை சொல்லுடா தங்கம்!" சொன்னாள். தெளிவாக, அழுத்தமாக, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல், "பாவம்."

அம்மா என்று சொல்லவில்லை, அப்பா என்று சொல்லவில்லை. முதல் வார்த்தையே இது. அவர் அதை ஃபோனில் படம் பிடித்துத் தன் தங்கைக்கு அனுப்பினார். அத்தைக்காரி ஃபோனில் கூப்பிட்டு, "நம்ம குடும்பத்துல யாருக்கும் இல்லாத இரக்கம் இவளுக்கு எப்படிண்ணே வந்துச்சு?" என்று சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அழுதோம் என்றும் சொல்லலாம்.

சிட்டு அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வாளியைப் பார்த்து, பாவம். ஜன்னலோரம் செடிக்கு ஊற்றும்போது, பாவம். ஃப்ரிட்ஜைத் திறந்தால் பாட்டிலைப் பார்த்து, பாவம். "வாளி மேல கூட இரக்கமா உனக்கு?" என்று அவள் அப்பா கொஞ்சினார். என் சிரிப்பு அப்போதுதான் மெல்ல நின்றது.

பொடி கலந்து டம்ளரில் கொண்டுவந்தேன். "சிட்டு, இந்தா தண்ணி." எங்கள் வீட்டில் அவளுக்குத் தெரிந்த தண்ணி அதுதான். அவள் அதைத் தள்ளிவிட்டாள். என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தினாள். இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கெஞ்சுகிற குரலில் சொன்னாள்.

"பாவம்."

குழாயில் வருகிற அந்தப் பொருளுக்கு எங்கள் வீட்டில் அவளுக்காக நாங்கள் பெயர் வைக்கவில்லை. கொடுக்காத ஒன்றுக்கு எதற்குப் பெயர்? வேறு எங்கேயோ அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். விட்டுவிட்டு வருவதற்காகப் போகவில்லை. உள்ளே நுழைந்ததும் சிட்டு ஆயாம்மாவைப் பார்த்துவிட்டாள். உடம்பெல்லாம் சிரிப்பாக அவரிடம் தாவினாள். அவர் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டதும், நான் கேட்கவேண்டிய கேள்வியை அவளே கேட்டுவிட்டாள். குழந்தைகள் குடிக்கும் குழாயைக் காட்டி, "பாவம்" என்றாள்.

"பேசுறியாடி கண்ணு!" என்று ஆயாம்மா முகம் மலர்ந்தார். அப்புறம் அவள் விரல் எங்கே நீண்டிருக்கிறது என்று பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ஒரு மடக்குதாம்மா. நாக்க நனைக்கத்தான்."

"எத்தனை நாளா ஆயாம்மா?"

"எப்பவாச்சும்... தெனம்னு இல்ல... மத்த புள்ளைங்க எல்லாம் வெளையாடிட்டு வந்து மொடக்கு மொடக்குன்னு குடிக்குதுங்க. இது அந்த டம்ளரையே பாத்துக்கிட்டு நிக்குது. அழுதாக்கூடப் பரவால்லம்மா, அழறதும் இல்ல. சும்மா நிக்குது. நான் என்ன செய்யட்டும்? பெத்த புள்ளைக்குத் தண்ணி இல்லைன்னு நீங்க சொல்லிடுவீங்க, ஒங்களுக்குத் தைரியம் இருக்கு. எனக்கு வாய் வரலம்மா. பாவமா இருந்துச்சு. இருமுனா நிறுத்திடலாம்னுதான் பாத்துக்கிட்டே குடுத்தேன். ஒரு நாள் கூட இருமல. அழகா குடிச்சுது."

அழகா குடிச்சுது. எக்ஸ்ரே படத்தில் வழி மாறி இழைந்த அந்தக் கறுப்புக் கோடு எனக்குக் கண்ணுக்குள் ஓடியது. கரண்டியும் பொடியுமாகப் பக்குவமாக ஊட்டிக் காட்டி, எனக்கு இத்தனை நாள் தண்ணி காட்டியிருக்கிறார். நான் என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. மற்றப் பிள்ளைகள் பயந்து அழ ஆரம்பித்துவிட்டன. கொலைகாரி என்று சொன்னது நினைவிருக்கிறது. இன்றுவரை அதை நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

மேடம் அறையிலிருந்து வந்தார். "மெதுவாம்மா, மெதுவா, வெளிய கேக்குது. ஆயாம்மா அக்கறையிலதானே செஞ்சிருக்காங்க? நாங்களும் சிறப்புக் கவனம்னு போர்டே போட்டு..."

வாத்துப் படத்துக்குக் கீழே இருந்த அந்தப் பூவோடு சேர்த்துக் கிழித்து எறிந்துவிட்டு, சிட்டுவை ஆயாம்மாவின் இடுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தேன். அவள் கையை நீட்டி நீட்டி அழுதாள். அம்மாவிடம் வரமாட்டேன் என்று அப்படி அழுத குழந்தையை நான் பார்த்ததில்லை.

காலம் கடந்துவிட்டிருந்தது. இறங்கியது இறங்கியதுதான். அந்த வாரமே நெஞ்சு இழுத்தது. இந்தத் தடவை இரண்டு பக்கமும். மூக்கில் குழாய், கையில் ஊசி, முகத்தில் காற்று முகமூடி. சில நாள் அவள் கண்ணே திறக்கவில்லை. அவள் அப்பா வராந்தாவில் நின்றுகொண்டு, எல்லா லிஃப்ட்டையும் பழுது பார்க்கத் தெரிந்தவன் இதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தாள். பிழைத்தாள். டாக்டர் சொன்னதும் நடந்தது. வாய் வழியாக இனி எதுவும் கிடையாது. வயிற்றில் குழாய் வைக்க நாள் குறித்தார்கள். அதுவரைக்கும் மூக்குக் குழாய். அதைப் பிடுங்கிவிடாமல் இருக்க, இரண்டு கையிலும் துணி உறை போட்டுக் கட்டியிருந்தார்கள். கரண்டியைப் பார்த்துக் கைதட்டிய பெண்ணுக்கு இப்போது தட்டவும் முடியாது.

கண் திறந்ததும் கேட்டது அதைத்தான். "பாவம்." நர்ஸ் தண்ணீர் பாட்டிலோடு போனால், பாவம். தரை துடைக்க வாளி வந்தால், பாவம். பக்கத்துக் கட்டில் குழந்தையின் பாட்டி, "யாரைப் பாத்து பாவம்ங்குது இந்தப் புள்ள? இதுவே இந்த நெலமையில இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் வராந்தாக் கோடிக்குப் போய், அவள் கண்ணில் படாமல், திருடியைப் போலக் குடித்துவிட்டு வந்தேன். கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் குனிந்து ஒரே பதிலைச் சொன்னேன். "இல்லடா. இல்ல." சொல்லச் சொல்ல அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிக்கொண்டு வந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பகலில், பார்வையாளர் நேரத்தில், ஆயாம்மா வந்தார். வாசலிலேயே நின்றார். ஆளே பாதியாகியிருந்தார். தோளில் ஒரு துணிப்பை. அதன் வாயில் அவருடைய தண்ணீர் பாட்டிலின் மூடி தெரிந்தது.

"ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேம்மா" என்றார். "மேடம் அன்னைக்கே என்னை நிறுத்திட்டாங்க. அதுக்காக வரல. தூக்கம் வரலம்மா. கண்ண மூடுனா புள்ளதான் நிக்குது."

வெளியே போகச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் சிட்டு பார்த்துவிட்டாள். வதங்கிக் கிடந்த குழந்தை கட்டிலில் எழும்ப முயன்றாள். துணி சுற்றிய இரண்டு கையும் அவரை நோக்கி நீண்டன.

"பாவம்!"

ஆயாம்மாவின் கை தானாகப் பைக்குள் போனது. பாட்டிலைத் தொட்டுவிட்டு, தீயைத் தொட்டது போல வெளியே வந்தது. பையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். சிட்டு காத்திருந்தாள். ஆயாம்மாவைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். எதையோ ஞாபகப்படுத்திக்கொண்டவள் போல, கன்னத்தில் குழாய்ப் பிளாஸ்திரியோடு தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். விஷயம் தெரியாத ஒருவருக்குச் சொல்கிற நிதானத்தோடு ஆயாம்மாவிடம் சொன்னாள்.

"பாவம் இல்ல."

ஆயாம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் அடக்க முடியாமல் உடைந்தார். "கேட்டீங்களாம்மா? பாவம் இல்லைங்குது. எம்மேல பாவம் இல்லைன்னு புள்ள வாயாலயே சொல்லிடுச்சு. இது போதும்மா. எனக்கு இது போதும்."

அவர் அழுதது நிம்மதி அழுகை. எத்தனையோ நாள் கழித்து மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. விட்டிருக்கலாம். நல்ல மனசுக்காரி யாராக இருந்தாலும் விட்டிருப்பாள். எனக்கு மனசு வரவில்லை.

"தண்ணி இல்லைன்னு சொல்றா ஆயாம்மா."

அவருக்குப் புரியவில்லை.

"அவளுக்குப் பாவம்னா தண்ணி. நீங்க சொல்லிச் சொல்லிக் குடுத்ததுதான். உங்களப் பாத்ததும் கெடைக்கும்னு நெனச்சா. இங்க அது கெடையாதுன்னு இப்ப அவளே உங்களுக்குச் சொல்றா."

சொல்லி முடித்ததும் எனக்கு நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆயாம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கட்டில் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் வந்து மூக்குக் குழாயில் பாலை ஏற்றிவிட்டுப் போனார். பால் தன் முகத்துக்கு முன்னாலேயே இறங்குவதைச் சிட்டு கண்ணால் தொடர்ந்து பார்த்தாள்.

பிறகு துணி சுற்றிய ஒரு கையை ஆயாம்மாவின் முழங்கால் மேல் வைத்தாள். மறுபடியும் கேட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை மெதுவாக.

"பாவம்?"

ஆயாம்மா அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நான் குறுக்கே பேசவில்லை.

"இல்லடி கண்ணு" என்றார். "இல்ல."

அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் அவரிடம் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன்.